கோத்தகிரி ஏறி குன்னூரில் இறங்கும் 200: ஒரு மண்டிக் கணக்குக்காரியின் தயாரிப்பு

மலைப் பாதையில் பிரவே (நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் அடுத்த நிமிடமே கேட்கும் கேள்வி, "எந்த சைக்கிள் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "மேலே இருக்கிற கன்ட்ரோல் எத்தனை மணிக்கு மூடுகிறது?" கன்ட்ரோல் என்றால் வழியில் நம் வருகையை பிரவே கார்டில் பதிவு செய்யும் இடம். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. பதிவு செய்து, பணமும் கட்டிவிட்டு, சைக்கிளுக்குப் புது டயரும் போட்டிருப்பார்கள்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு சைக்கிளைத் தொட்டவள். பிறவி வீராங்கனை கிடையாது, உடம்பும் அப்படிப்பட்ட உடம்பு இல்லை. அதனால் எனக்குக் கைவந்ததைத்தான் சொல்ல முடியும். அது கணக்கு.

பிரவே என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இது பந்தயம் இல்லை. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. விதிகள் பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்தவை, நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் வழியாக நடக்கிறது. முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் ஒரே சான்றிதழ்தான். வழியில் கன்ட்ரோல்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு. கன்ட்ரோலுக்கு வெளியே யாரும் வண்டியில் பின்னால் வந்து உதவக் கூடாது. பஞ்சரானால் நாம்தான் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். 200, 300, 400, 600 நான்கையும் ஒரே சீசனில் முடித்தால் சூப்பர் ராண்டனர். 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, அடுத்தது 2027. அதற்கும் இந்த நான்குதான் படிக்கட்டு.

நேரக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன். கோவையில் கிளம்பி மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, குன்னூர், மறுபடி மேட்டுப்பாளையம், கோவை. தூரம் தோராயமாக இப்படி வரும்: 36, 33, 30, 18, 34, 36. மொத்தம் 187. மிச்சம் 13 கிலோமீட்டரைக் கடைசியில் கோவைப் பக்கம் ஒரு சுற்று விட்டு நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரம், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800, ஊட்டி 2,240. ஊட்டிக்குள் இறங்குவதற்கு முன் தொட்டபெட்டா பிரிவில் சாலை ஊட்டியை விட மேலே போய்விட்டுத்தான் இறங்கும். இதை மறந்துவிட்டு, ஊட்டிதான் உச்சி என்று நினைத்துச் சக்தியைச் செலவழித்தவர்களை அந்தப் பிரிவுக்குக் கீழே சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கப் பார்க்கலாம்.

காலை 6 மணிக்குக் கிளம்பும் ஒரு சராசரி ஆளை வைத்துப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் வரை மணிக்கு 22 கிலோமீட்டர். 7:40க்குச் சேர்கிறார். பத்து நிமிடம் டீ. அப்புறம் ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர். கோத்தகிரி சேரும்போது மணி 11:08. அங்கே கன்ட்ரோல் இருந்தால் அது மூடும் நேரம், 69 கிலோமீட்டரை மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற கெடு வேகத்தால் வகுக்க, 4 மணி 36 நிமிடம். அதாவது 10:36. கதவு மூடி அரை மணி ஆகிவிட்டது.

அவர் விடாமல் போகிறார் என்று வைப்போம். ஊட்டிக்கு மணிக்கு 12 வேகத்தில் மதியம் 1:38. ஊட்டி மூடும் நேரம் 12:36. ஒரு மணி நேரம் தாமதம். அதற்குப் பிறகு 52 கிலோமீட்டர் இறக்கம். மணிக்கு 28 என்றாலும் மாலை 3:30க்கு மேட்டுப்பாளையம். அங்கே மூடும் நேரம் 4:04. பாருங்கள், இப்போது அரை மணி கையிருப்பு! அங்கிருந்து மிச்சம் 49 கிலோமீட்டரைச் சோர்ந்துபோய் மணிக்கு 19இல் ஓட்டினாலும் மாலை 6 மணி வாக்கில் முடித்துவிடுவார். கெடு இரவு 7:30.

மொத்தத்தில் பாஸ், நடுவில் ஃபெயில். மலை நம்மிடம் கைமாற்று வாங்கும் நேரத்தை இறக்கத்தில் வட்டியோடு திருப்பித் தந்துவிடும், ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்க நம் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். அதனால்தான் கன்ட்ரோல் எங்கே என்று முதலில் கேட்கச் சொன்னேன். உச்சியில் இருந்தால் ஒரு திட்டம், இறங்கிய பிறகு மேட்டுப்பாளையத்தில் மட்டும் இருந்தால் வேறு திட்டம். பாதை வந்தவுடன் நடத்துகிறவர்களிடம் கன்ட்ரோல் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

உச்சியில் கன்ட்ரோல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தை எங்கே பிடிப்பது? கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் லேசாகத் தாழ்ந்துகொண்டே போகும் சாலை. அதிகாலையில் போக்குவரத்தும் குறைவு. நாலைந்து பேர் சேர்ந்து போனால் மணிக்கு 25 பெரிய கஷ்டமில்லை. 7:26க்கு மேட்டுப்பாளையம். அங்கே நிற்க வேண்டாம். டீக்கடையில் விட்ட பத்து நிமிடத்தை ஏற்றத்தில் மீட்க மணிக்கு அரை கிலோமீட்டர் வேகம் கூட்ட வேண்டும். அரைதானே என்று தோன்றும். மூன்று மணி நேரம் விடாமல் 5 சதவீதம் கூடுதலாக மிதிப்பது அது. அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்கு ஒரு பாட்டில் தண்ணீரும் சட்டைப்பையில் இரண்டு வாழைப்பழமும் போதும். ஏற்றத்தில் மணிக்கு 11.5 என்றால் கோத்தகிரி 10:18. பதினெட்டு நிமிடம் கையில்.

இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி சைக்கிளின் மேல் கம்பியில் ஒட்டிக்கொள்வேன். நாலு பத்தி: ஊர், கிலோமீட்டர், மூடும் நேரம், நான் சேர வேண்டிய நேரம். பென்சிலில் எழுதி, மேலே அகல செலோடேப்பை ஓரம் விட்டு ஒட்ட வேண்டும். பேனா மை மழையில் கரைந்து நீலக் கறையாகிவிடும். கைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். ஈரக் கையுறையோடு திரையைத் தேய்த்துப் பார்த்தால் தெரியும்.

கியர்

இதில் கூச்சம் வேண்டாம். சின்ன கியர் போட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம், குறிப்பாக ஆண்களிடம், இருக்கிறது. மலைக்கு அது தெரியாது.

கடையில் வாங்கும் சாதாரண ரோடு பைக்கில் முன்னால் 50/34 பல், பின்னால் கேசட்டில் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) பெரிய பல் 28 என்று இருக்கும். இதன் மிகச் சிறிய கியரில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 9.2 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம்–கோத்தகிரி சராசரி ஏற்றம் நாலரை சதவீதம்தான், அதற்கு இது சரி. ஆனால் சராசரி என்பது எந்த இடத்திலும் இல்லாத ஒன்று. நடுவில் எட்டு சதவீதம் வரும். 70 கிலோ ஆள், சாமானோடு சைக்கிள் 14 கிலோ என்றால், நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கிற உழைப்பில் அங்கே வேகம் ஏழேகால், ஏழரைதான் வரும். அந்த வேகத்தில் இந்த கியரில் பெடல் நிமிடத்துக்கு 48 சுற்றுக்கு விழுந்துவிடும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். பின்னால் 34 பல் கேசட் போட்டால் அதே வேகத்தில் 60 சுற்று கிடைக்கும். முழங்கால் பிழைக்கும்.

கேசட் மாற்றும்போது பின்பக்க டீரெய்லர் (சங்கிலியை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) அந்த அளவைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கை குட்டையான மாடல் தாங்காது. சங்கிலியும் ஓரிரு கண்ணி நீளமாகத் தேவைப்படும். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள எம்டிபி (மலைச் சைக்கிள்), ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. டயரை மட்டும் மெலிதான, வழுவழுப்பானதாக மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். அப்படி வந்து, விலை உயர்ந்த கார்பன் சைக்கிள்களைக் கோத்தகிரி ஏற்றத்தில் குஞ்சப்பனைக்கு மேலே நிதானமாகத் தாண்டிப் போகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

டயர் 28 அல்லது 32 மில்லிமீட்டர். மெல்லிய 23 வேண்டாம்.

பன்னிரண்டு வாரம்

ஏற்கெனவே தொடர்ச்சியாக 60, 70 கிலோமீட்டர் ஓட்ட முடிகிற ஒருவருக்குப் பன்னிரண்டு வாரம் போதும். இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கட்டும்.

முதல் நான்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை சமதளத்தில் 80இல் தொடங்கி 120 வரை. வாரநாளில் இரண்டு நாள், விடிகாலை ஒன்றரை மணி நேரம். மண்டியில் ஏலம் இருக்கும் நாளில் எனக்கு அதுகூட முடியாது, வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குவேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பேப்பரைத் திருப்புவார்.

அடுத்த நான்கு வாரம் ஏற்றம். ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னிமலை இருக்கிறது. கோயிலுக்குப் போகும் மலைப்பாதை நான்கு கிலோமீட்டர் அளவுதான், ஆனால் செங்குத்தானது. முதல் ஞாயிறு மூன்று முறை, பிறகு நான்கு, பிறகு ஆறு. கிருத்திகை, சஷ்டி, செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்கும், அந்த நாட்களைத் தவிருங்கள். இதில் கவனிக்க வேண்டியது வேகம் இல்லை, மூச்சு. பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையா, கியரைக் குறையுங்கள். முதல் ஏற்றமும் கடைசி ஏற்றமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடிந்தால் நீங்கள் சரியாக ஓட்டுகிறீர்கள். கடைசி ஏற்றம் பத்து நிமிடம் கூடினால் முதல் ஏற்றத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

மலையே இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வது? காற்றைப் பிடியுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றுக்கு எதிரே காங்கேயத்திலிருந்து தாராபுரம் வழியாக உடுமலைப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று அது. சாலை இருபுறமும் காற்றாலைகள் நிற்பது சும்மாவா? சமதளத்தில் மணிக்கு 13இல் தவழ்வீர்கள். மூன்று மணி நேரம் விடாமல் ஒரே மாதிரி மிதிக்க, யாரையும் திட்டாமல் மிதிக்க, அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மலைக்கும் காற்றுக்கும் ஒரே ஒரு வித்தியாசம், மலையில் உட்காரும் நிலை மாறும். முதுகு, கழுத்து, பிருஷ்டம் அழுத்தம் பெறும் இடம் எல்லாம் வேறு. அதற்காக ஒரு முறையாவது உண்மையான மலைக்குப் போயாக வேண்டும்.

அடுத்த மூன்று வாரத்தில் ஒரு ஞாயிறு ஏற்காடு. சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, இறங்கி, சாப்பிட்டு, மறுபடி ஏற வேண்டும். இரண்டாவது ஏற்றம்தான் பாடம். இரண்டையும் சேர்த்தால் மேட்டுப்பாளையம்–கோத்தகிரி–ஊட்டி ஏற்றத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். அன்று பிரவே நாளில் போடப்போகும் அதே உடை, அதே சாப்பாடு, அதே பை. புதிதாக எதையும் பிரவே அன்று சோதிக்கக் கூடாது.

கடைசி வாரம் ஓய்வு. இரண்டு முறை அரை மணி நேரம் லேசாக ஓட்டினால் போதும். அந்த வாரம்தான் எல்லாருக்கும் பயம் வந்து "இன்னும் ஒரு நீளமான ரைடு" என்று தோன்றும். வேண்டாம். ஒரு வாரத்தில் கால் வளராது, களைப்பு மட்டும் வளரும்.

வயிறு

மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். ஆக, மணிக்கு ஒரு பழமும் இரண்டு கடலை மிட்டாயும் என்று வைத்துக்கொள்ளலாம். பேரீச்சம்பழம் வசதி, பையில் நசுங்காது. ஜெல் எல்லாம் வாங்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இனிப்பு மேல் இனிப்பு மூன்றாவது மணி நேரத்தில் குமட்டும். அதனால் எலுமிச்சை ஊறுகாயை ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொள்வேன். நாக்கில் ஒரு துளி, வயிறு சமாதானமாகிவிடும்.

காலை 4 மணிக்கு வீட்டில் நாலு இட்லி. தோசை வேண்டாம், எண்ணெய் ஏற்றத்தில் மேலே வரும். ஊட்டியில் சாப்பிட உட்காரும்போது தயிர் சாதம். பிரியாணி வாசம் இழுக்கும், இழுக்கட்டும். அதற்குப் பின் இருப்பது இரண்டு மணி நேர இறக்கம், தூக்கம் கண்ணைச் சொருகினால் அபாயம்.

தண்ணீர் விஷயத்தில் நீலகிரி தனி. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் தடை. வழிக் கடையில் ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறும் பாட்டிலோடு ஏறாதீர்கள். சாலையோரம் தண்ணீர் ஏடிஎம்கள் வைத்திருக்கிறார்கள், சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் எப்போதும் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். டீக்கடையில் கேட்டால் காய்ச்சிய தண்ணீர் தருவார்கள். இரண்டு 750 மில்லி பாட்டில் நிரப்பி மேட்டுப்பாளையத்தைத் தாண்டுங்கள், குஞ்சப்பனையிலோ அரவேனுவிலோ மறுபடி நிரப்புங்கள். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடி. பாக்கெட்டில் எத்தனை தண்ணீருக்கு என்று போட்டிருக்கும், ஒரு லிட்டர் பொடியை 750இல் கொட்டாதீர்கள். அட்டை டப்பாவில் வருகிற இனிப்புப் பானம் இதற்கு ஈடில்லை.

மேலே குளிர ஆரம்பித்ததும் தாகம் நின்றுவிடும். உடம்பில் தண்ணீர் குறைவது நிற்காது. தாகம் இல்லாவிட்டாலும் கால்மணிக்கு ஒரு முறை இரண்டு மடக்கு.

இறக்கம்

ஏற்றத்துக்கு எல்லாரும் தயாராகிறார்கள். அடிபடுவது இறக்கத்தில்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 34 கிலோமீட்டரில் 1,500 மீட்டர் இறங்குகிறோம், 14 கொண்டை ஊசி வளைவு. காட்டேரி, பர்லியாறு, கல்லாறு. காலையிலிருந்து உழைத்த உடம்பு, பாதி வியர்வையில் நனைந்த சட்டை. ஊட்டியில் கிளம்பும் முன்னரே காற்றுப் புகாத மேல்சட்டையைப் போட்டு கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிடுங்கள். குளிரில் விரல் விறைத்தால் பிரேக்கை அளவோடு பிடிக்க முடியாது, பிடித்தால் மொத்தமாகப் பிடிக்கும். முழு விரல் கையுறை இந்த இறக்கத்துக்காகவே பையில் இருக்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும் முறை: வளைவுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்து இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்ததும் விடுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, அதன் மேல் உடம்பு பாரம். கண், போகப் போகிற திசையில். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்குத்தான் போகும். நேரான இறக்கத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வருவது பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் அதுதான் ரிம்மைச் சூடாக்கும். ரிம் பிரேக் சைக்கிளில் சூடு ஏறி ஏறி உள்ளே டியூப் வெடிக்கலாம். பிடி, விடு, பிடி, விடு என்று வாருங்கள். பர்லியாறு பக்கம் ஒருமுறை நிறுத்தி ரிம்மின் அருகே விரலைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாமலே சூடு தெரிந்தால் ஐந்து நிமிடம் அங்கேயே நின்று கை காலை உதறிக்கொள்ளலாம்.

கொண்டை ஊசியில் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவை. கீழிருந்து வரும் பஸ் வளைவைத் திரும்ப நம் பக்கத்துக்கு வந்துதான் ஆக வேண்டும், ஓட்டுநர் மேல் தப்பில்லை. மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஹாரன் கேட்டதா, வளைவுக்கு மேலேயே ஓரம் கட்டி நில்லுங்கள். வளைவின் உள்பக்கம் நிழலில் பாசியும், பாறையிலிருந்து வடியும் தண்ணீரும் இருக்கும். ஈர இலை மீது பிரேக் பிடிக்காதீர்கள். குரங்குக் கூட்டத்துக்கு நடுவே பழத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டுமாடு சாலைக்கு வரும். ஒன்று தாண்டிவிட்டால் பின்னால் இன்னும் இருக்கும் என்றே எண்ணுங்கள். குஞ்சப்பனை, கல்லாறு, பர்லியாறு பகுதிகளில் பலாப்பழ சீசனில் யானை. எதிரே வரும் வண்டிக்காரர்கள் கையைக் காட்டினால் அலட்சியம் செய்யாமல் நின்று கேளுங்கள். கார் வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போகலாம். கன்ட்ரோல் மூடினால் மூடட்டும்.

எந்த மாதம்

மே மாதம் வேண்டவே வேண்டாம். சுற்றுலா நெரிசலும் வெயிலும் ஒரு பக்கம். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்குவது வழக்கம், அது நம் பாதைக்கு நேர் எதிர். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவைத்தான் குறிவைக்கும். 2009 நவம்பரில் மண்சரிவு எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பது நீலகிரிக்காரர்களுக்கு மறக்காது. ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம், அதிகாலையில் ஊட்டியில் உறைபனி இருக்கும், ஆனால் நாம் சேர்வதோ நண்பகலில். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால், திரும்பும்போது மேட்டுப்பாளையம்–கோவை 36 கிலோமீட்டரில் பக்கவாட்டிலும் எதிரிலும் காற்று அடிக்கும், அதுவும் லேசான ஏற்றத்தில். நேரக் கணக்கில் அதற்கும் ஒரு அரை மணி ஒதுக்குங்கள்.

பையில் என்ன

இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டு, டயர் நெம்பி, பம்ப், ஆலன் கீ, சங்கிலி இணைக்கும் கொக்கி, ஒரு துண்டு பழைய டயர். கடைசியாகச் சொன்னது, டயர் ஓரம் கிழிந்தால் உள்ளே வைக்க. முன் விளக்கு, பின் விளக்கு, ஒளிரும் மேலங்கி: பகலிலேயே முடித்துவிடுவேன் என்று நினைத்தாலும் வேண்டும். கோத்தகிரியில் மதியமே மூடுபனி இறங்கும்போது பின் விளக்குதான் காப்பாற்றும். பிரவே கார்டு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில், ஆதார் நகல், ரொக்கமாக ஆயிரம் ரூபாய். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது.

பெண்களுக்கு இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. தோள்பட்டை வார் வைத்த பிப் ஷார்ட்ஸ் பார்க்க அழகு, கழிப்பறையில் மேல்சட்டை முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். இடுப்போடு நிற்கும் பேடு வைத்த சாதாரண ஷார்ட்ஸே நல்லது. மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் பெட்ரோல் பங்குகளை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வையுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவது பலர் செய்வது, நான்காவது மணி நேரத்தில் தலைவலி ஆரம்பிக்கும். சீட்டின் அகலம் உட்காரும் எலும்புக்குப் பொருந்த வேண்டும், ஆண்களுக்குச் செய்த குறுகலான சீட் பெரும்பாலும் பொருந்தாது. மாதவிடாய் தேதி அன்று வந்தால், பேடு மேல் பேடு உராயும். கப் பழகியிருந்தால் நிம்மதி, ஆனால் அதையும் பயிற்சி நாளில் பழகிக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு

கார்டில் எல்லா கன்ட்ரோலிலும் நேரமும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் கையெழுத்தையும் போட்டு, ஒப்படைத்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எழ மாட்டீர்கள். கார்டைத் தருவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது கணக்குக்காரியின் பழக்கம், உங்களுக்கும் உதவலாம். அன்றிரவே காரோ பைக்கோ ஓட்டி ஊர் திரும்ப வேண்டாம். ரயிலோ பஸ்ஸோ ஏறுங்கள், இல்லை கோவையிலேயே தங்கிவிடுங்கள்.

மறுநாள் சைக்கிளைத் துடைக்கும்போது பிரேக் பேடுகளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு ரிம்மின் அலுமினியத் துகள் மின்னிக்கொண்டு பேடில் புதைந்திருக்கும். குண்டூசியால் நெம்பி எடுத்துவிடுங்கள், விட்டால் அடுத்த முறை ரிம்மை அறுக்கும். பேடில் தேய்மான அளவைக் காட்டும் கோடு மறைந்திருந்தால் யோசிக்காமல் ஒரு ஜோடி புதிது வாங்கிப் போடுங்கள், அப்படியே சங்கிலி எவ்வளவு நீண்டிருக்கிறது என்றும் மெக்கானிக்கை அளக்கச் சொல்லுங்கள்.